எழுதாத விதிகளை எழுதி வைத்த கவிதை வட்டம்

கவிதை வட்டம் ஒன்று புதிதாகச் சேருகிறவர்களுக்காக நடத்தும் 'வழித்துணை' ஏற்பாட்டைப் பற்றிய மதிப்புரை இது. வாரம் ஒருமுறை காணொளியில் கூடுகிறார்கள். அன்றைக்குப் பேசப்போகும் கவிதைகள் முன்கூட்டியே உறுப்பினர்களுக்குள் சுற்றுக்கு வந்துவிடும். கட்டணம் கிடையாது. வட்டத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் பெருத்தால் ஒவ்வொரு கவிதைக்கும் நேரம் ஒதுக்க முடியாமல் போகும் என்ற கவலை அவர்களுக்கு. ஆனால் அவர்கள் செய்வதில் ரகசியம் ஒன்றும் இல்லை. எந்த வட்டமும் நாளைக்கே எடுத்துச் செய்யலாம். செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் மெய்ப்புத் திருத்துகிறவள். பிறர் எழுத்தை வரிவரியாகப் பார்ப்பதில்தான் பிழைப்பு ஓடுகிறது. கவிதை எனக்குச் சொந்த ஆசை. இதற்கு முன் வேறு சில வட்டங்களிலும் இருந்திருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே கதையைப் பார்த்தேன். புதியவர் ஒருவர் வருவார். வந்த உற்சாகத்தில் நான்கைந்து கவிதைகளை ஒரே நாளில் அனுப்புவார். பதில் வராது. மறுநாள் "யாராவது படித்தீர்களா?" என்று கேட்பார். இரண்டு பேர் கைகூப்பும் படம் போடுவார்கள். கொஞ்ச நாளில் ஆளைக் காணோம். ஒரு தடவைக்கு ஒரு கவிதைதான், பிறர் கவிதையைப் படித்து நாலு வார்த்தை சொன்ன பிறகுதான் தன் கவிதையை வைக்க வேண்டும், பதில் கேட்டு நச்சரிக்கக் கூடாது. இதெல்லாம் அங்கே எல்லாருக்கும் தெரியும், அவரைத் தவிர. அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அவரை 'பண்பு தெரியாதவர்' என்று முடிவு கட்டிவிட்டார்கள். இப்படிப் போனவர்களில் உண்மையிலேயே நன்றாக எழுதக்கூடியவர்கள் இருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இந்த வட்டத்தில் சேர்ந்ததும் முதலில் ஒரு ஆளைக் கொடுக்கிறார்கள். அவர்தான் வழித்துணை. எனக்கு வாய்த்தவர் என்னைவிட வயதில் நிரம்ப இளையவர். முதல் பேச்சிலேயே, "அக்கா, முதல் சில கூட்டத்துக்கு நீங்க கவிதை வைக்க வேண்டாம். சும்மா கேளுங்க. முடிஞ்சதும் நான் கூப்பிடறேன், என்ன புரியலைன்னு கேளுங்க, போதும்" என்றார். சொன்னபடியே ஒவ்வொரு கூட்டமும் முடிந்ததும் கூப்பிட்டார். அந்தப் பத்து, பதினைந்து நிமிடப் பேச்சுத்தான் இந்த ஏற்பாட்டின் உயிர். கூட்டத்தில் நடந்ததற்கு அவர் உரை சொல்வார். "அவர் ஏன் கடைசி வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார் தெரியுமா? அவருக்கு அந்த வரி பிடிக்கலைன்னு அர்த்தம் இல்லை. அவர் அப்படிக் கேட்டா ஓசையைச் சரிபார்க்கிறார்." இந்த மாதிரிச் சின்ன விளக்கங்கள். பழகியவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. புதிதாக வந்தவருக்கு அன்றைய இரவுத் தூக்கமே இதில்தான் இருக்கிறது.

கேட்கும் காலம் முடிந்ததும் பிறர் கவிதைக்குக் கருத்துச் சொல்லும் கட்டம். அதற்கும் அப்புறம்தான் சொந்தக் கவிதை. இந்த வரிசையை முதலில் கேட்டபோது கொஞ்சம் கறாராகத் தெரிந்தது. எழுதும் ஆசையோடு வந்தவரை உட்கார வைப்பானேன் என்று தோன்றும். ஆனால் வள்ளுவரும் இந்த வரிசையில்தான் வைத்திருக்கிறார். 72ஆம் அதிகாரம் அவையறிதல். 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. முதலில் அவையை அறிந்துகொள், பிறகு அஞ்சாமல் பேசு. பல வட்டங்கள் முதலாவதைச் சொல்லித் தருவதே இல்லை. எடுத்த எடுப்பில் இரண்டாவதை எதிர்பார்க்கின்றன.

கையில் ஒரு சிறு கையேடும் தருகிறார்கள். 'எங்கள் வழக்கம்' என்று தலைப்பு. சில பக்கங்கள்தான். இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வழிகாட்டிக் குறிப்புகள் பலவற்றுக்கு மெய்ப்புப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன், இப்படி ஒன்று அமைவது அரிது. வழக்கமாக இந்த வகைக் குறிப்புகள் கட்டளைப் பட்டியலாக இருக்கும். செய்யாதே, கூடாது, அனுமதி இல்லை. இதில் ஏறக்குறைய ஒவ்வொரு வழக்கத்துக்கும் கீழே காரணம் இருக்கிறது. ஒன்றை என் சொற்களில் சொல்கிறேன். கருத்துச் சொல்லும்போது 'நீங்கள்' என்று தொடங்காதீர்கள், 'இந்த வரி' என்று தொடங்குங்கள் என்று ஒரு வழக்கம். காரணமாக அவர்கள் எழுதியிருப்பது: நம் வட்டத்தில் பெரியவர்களும் இருக்கிறார்கள், சின்னவர்களும் இருக்கிறார்கள், 'ஐயா, நீங்கள் இங்கே தவறிவிட்டீர்கள்' என்று ஒரு சின்னவரால் சொல்ல முடியாது, சொல்லாமலே விழுங்கிவிடுவார், 'இந்த வரி எனக்குப் பிடிபடவில்லை ஐயா' என்று யாரும் யாரிடமும் சொல்லலாம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம்மவர்களோடு எந்தக் கூட்டத்திலாவது உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஐயா, அம்மா, அண்ணா, அக்கா, தோழர் என்று அழைத்துவிட்ட பிறகு குறை சொல்ல நாக்கு எழாது. அந்த மரியாதையைக் கலைக்காமலே குறை சொல்ல ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி மூத்த கவிஞர் ஒருவரிடம், "ஐயா, இந்த மூணாவது வரி ரெண்டாவது வரி சொன்னதையே சொல்லுதுங்க" என்றாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஆமாம்மா, எடுத்துடறேன்" என்றார். வேறு இடத்தில் இது நடந்து நான் பார்த்ததில்லை.

'அருமை', 'சூப்பர்', 'வாழ்த்துகள்' இவற்றைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. தடை இல்லை. ஆனால் எது அருமை என்று ஒரு வரியைச் சுட்ட வேண்டும். வெறும் பாராட்டு எழுதியவருக்கு ஒன்றும் சொல்வதில்லை, எந்த வரியை அடுத்த கவிதையிலும் நம்பலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்கிறார்கள். எனக்கு இது முழுக்கச் சம்மதம்.

கையேட்டின் நடுவில் ஒரு கவிதையின் முதல் வரைவும், அதன் ஓரத்தில் உறுப்பினர்கள் எழுதிய குறிப்புகளும், பிறகு திருத்திய வடிவமும் அப்படியே இருக்கின்றன. எழுதியவர் ஒரு காலத்தில் புதியவராக வந்தவர். அவர் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள். முதல் வரைவு இது:

அப்பா இல்லாத வீட்டில்
கதவுக்குப் பின்னால் இன்னும் தொங்குகிறது
அவர் குடை.
மழை வரும்போதெல்லாம்
நனைந்துகொண்டே போகிறோம்.
அன்புக்கு அழிவில்லை!

ஓரக் குறிப்புகளில் முதலாவது இப்படித் தொடங்குகிறது: "இது பகிர்வுக்கா, திருத்தத்துக்கா?" எழுதியவர் 'திருத்தத்துக்கு' என்று பதில் போட்ட பிறகுதான் மற்றவர்கள் வாய் திறந்திருக்கிறார்கள். துக்கத்தைக் கொண்டுவந்து வைப்பவருக்கு எதுகை மோனை பார்க்கும் கொடுமை எங்கெல்லாமோ நடக்கிறது. அதைத் தடுக்க இந்த ஒரு கேள்வி போதும். பகிர்வுக்கு என்றால் கேட்டுக்கொண்டு உடன் இருப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது குறிப்பு, 'நனைந்துகொண்டே போகிறோம்' என்ற வரியை அடிக்கோடிட்டு, "கவிதை இங்கேயே முடிந்துவிட்டது. குடையை ஏன் யாரும் எடுக்கவில்லை என்று நான் யோசிக்கத் தொடங்கும்போது கடைசி வரி வந்து பதில் சொல்லிவிடுகிறது" என்கிறது. மூன்றாவது குறிப்பு இரண்டே சொல்: "சென்று தேய்ந்திறுதல்." நன்றாகத் தொடங்கிப் போகப்போகத் தேய்ந்து முடிவது என்று பொருள். நான்காமவர் 'இன்னும்' தேவையா என்று கேட்கிறார். ஐந்தாமவர், "தேவைதான். அது இல்லாவிட்டால் குடை நேற்று மாட்டியதாகவும் இருக்கலாம்" என்று மறுக்கிறார். திருத்திய வடிவத்தில் கடைசி வரி இல்லை. 'இன்னும்' இருக்கிறது.

இந்த ஒரு பக்கத்திலிருந்து புதியவர் எத்தனை கற்றுக்கொள்கிறார் பாருங்கள். இங்கே ஒருவரோடு ஒருவர் முரண்படலாம், சண்டை ஆகாது. ஆச்சரியக்குறியை யாரும் திட்டவில்லை, ஆனால் வரியோடு அதுவும் போய்விட்டது. கடைசியில் கருத்தை உடைத்துச் சொல்வது இந்த வட்டத்தில் எடுபடாது. எல்லாக் குறிப்பையும் கவிஞர் ஏற்க வேண்டியதில்லை. இதில் எதையும் விதியாக எழுதி வைத்திருந்தால் இப்படி மனதில் பதிந்திருக்காது.

'சென்று தேய்ந்திறுதல்' நன்னூலில் வருவது. 13ஆம் நூற்றாண்டையொட்டிப் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம். நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று பத்தை, முன்னுரையான பாயிரத்தில் அடுக்குகிறார். கூறியது கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல், வெற்றெனத் தொடுத்தல் என்று போகும் அந்தப் பட்டியலைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்திருப்போம். இலக்கண நூல்களை மனதில் வைத்துச் சொன்னவை அவை. இந்த வட்டத்தினர் அவற்றைப் புதுக்கவிதைக்கும் பயன்படுத்துகிறார்கள். 'எனக்கு என்னவோ ஒட்டவில்லை' என்று சொல்வதைவிட 'வெற்றெனத் தொடுத்தல் மாதிரி இருக்கு, இந்த ரெண்டு சொல் இடத்தை அடைக்கத்தான் வந்திருக்கு' என்று சொன்னால் எழுதியவருக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிகிறது. கையேட்டின் பின்னட்டையில் பத்துக் குற்றமும், நன்னூல் சொல்லும் பத்து அழகும் எளிய விளக்கத்தோடு இருக்கின்றன. நான் இதைப் படியெடுத்து என் வேலை மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

மரபுக்கவிதைப் பக்கம் தனி. வெண்பா எழுதி வருகிறவர்களுக்கு வேறு ஒரு வழித்துணை கிடைக்கிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எனக்கு அவரிடம் உட்கார வாய்த்தது பெரும் பேறு. இங்கே எழுதாத விதி என்று ஒன்றும் இல்லையே, யாப்பு எல்லாவற்றையும் எழுதித்தானே வைத்திருக்கிறது என்று நினைப்போம். ஆனால் பயப்படுத்துவது யாப்பு இல்லை, அதைச் சுட்டும் தொனி. தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் கட்டு, தட்டினால் பல இடங்களில் 'தளை தட்டுகிறது' என்று ஒற்றை வரி வரும், எங்கே என்று சொல்ல மாட்டார்கள். ஆசிரியை அம்மா அப்படிச் செய்வதில்லை. உடன் பயின்ற ஒருவர் வெண்பாவின் ஈற்றடியை 'மழையே வருவாய் நீ' என்று முடித்திருந்தார். அம்மா சீரை நேர், நிரை என்ற அசைகளாகப் பிரித்து, அந்த அமைப்பின் வாய்பாட்டுப் பெயரையும் சொல்லிக் காட்டினார். "வரு, வாய். நிரை நேர், புளிமா. மாச்சீருக்கு அப்புறம் நிரைதான் வரணும். நீங்க 'நீ'ன்னு நேரைக் கொண்டுவந்துட்டீங்க, அது ஆசிரியத்தளை. வெண்பா வீட்டுக்குள்ள அதுக்கு இடமில்லை. 'விரைந்து'ன்னு போட்டுப் பாருங்க." மழையே வருவாய் விரைந்து. மா முன் நிரை, கடைசிச் சீர், வெண்பா முடிவதற்கென்று உள்ள வாய்பாடுகளில் ஒன்றான 'பிறப்பு' என்பதில் நிற்கிறது. எழுதியவர் சொல்லிப் பார்த்து, காதால் கேட்டு, தானே சிரித்தார். அதோடு அம்மா விடவில்லை. "தளை சரியாயிடுச்சு. இப்போ கவிதை சரியா இருக்கான்னு பார்ப்போம்" என்றார். மரபு வட்டங்களில் பலரும் முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

ஹைக்கூவுக்கு ஒரு பத்திதான் ஒதுக்கியிருக்கிறார்கள், அது போதும். ஒரு வாக்கியத்தை மூன்றாக ஒடித்தால் ஹைக்கூ ஆகாது, இரண்டு காட்சிகளுக்கு நடுவே ஒரு வெட்டு வேண்டும் என்று சொல்லி, ஜப்பானிய மொழியின் ஐந்து ஏழு ஐந்து ஒலியலகுக் கணக்கைத் தமிழ் எழுத்து எண்ணிக்கையில் திணிக்க வேண்டாம் என்கிறார்கள். சரி.

கூட்டம் நடக்கும் முறையைப் பற்றி. ஒரு கவிதையைப் பற்றி எல்லாரும் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்ற வழக்கம் உலகம் முழுக்கப் பட்டறைகளில் உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையோடு சேர்த்தே அதைப் பேசுவார்கள். அதன் நியாயம் புரிகிறது. நம் கவிதையை வேறொருவர் படிக்கும்போது நாம் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் புதியவருக்கு அந்த மௌனம் விசாரணைக் கூண்டாகத் தெரியும். இந்த வட்டம் அதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய நான்கு படி முறையிலிருந்து எடுத்துக்கொண்டதாகக் கையேட்டிலேயே சொல்கிறார்கள். முதலில் படித்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்ல வேண்டும். அடுத்து எழுதியவர் கேள்வி கேட்கலாம். பிறகு படித்தவர்கள் கேட்பார்கள், கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்காமல். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் "இந்த வரியைப் பற்றி ஒன்று சொல்லலாமா?" என்று கேட்டுக்கொண்டு. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை எழுதியவருக்கு உண்டு. நான் ஒருமுறை வேண்டாம் என்றேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

திருட்டுப் பயத்தோடு வருகிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஒவ்வொரு கவிதைக்குக் கீழும் 'காப்புரிமை பெற்றது' என்று பெரிய எழுத்தில் போடுவார்கள் பாவம். 1886இல் கையெழுத்தான, காப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையின் வழி வந்த ஏற்பாட்டில், உறுப்பு நாடுகளில் எழுதியவருக்கு உரிமை தானாகவே வந்துவிடுகிறது, பதிவு செய்யத் தேவையில்லை என்று நிதானமாக எடுத்துச் சொல்கிறார்கள். இதைவிட முக்கியமான இன்னொன்றையும் சொல்கிறார்கள்: பொதுவில் எல்லார் கண்ணிலும் படும்படி வெளியிட்ட கவிதையைப் பல இதழ்கள் 'ஏற்கெனவே வெளிவந்தது' என்று ஒதுக்கிவிடும். அதனால்தான் வட்டத்தின் சுற்று உள்ளுக்குள்ளேயே இருக்கிறது, அதனால்தான் பிறர் கவிதையை வெளியே பகிரக் கூடாது. இந்தக் காரணம் தெரியாமல், பிடித்த கவிதையை அன்பு மிகுதியில் ஊருக்கே அனுப்பி, எழுதியவரின் வாய்ப்பைக் கெடுத்தவர்களை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இனி எனக்கு ஒப்பாதவை.

பேச்சுத்தமிழில் எழுதும் கவிதையைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு நிலைப்பாடு இருக்கிறது, அதுவும் பலமாக. வட்டார வழக்கில் முழுக் கவிதையும் எழுதிய ஒருவருக்கு வந்த கருத்துகளில் பாதி, எழுத்துத்தமிழுக்கு மாற்றிக் கொடுத்தவை. 'வந்துட்டுப் போனாவ' என்று அவர் எழுதியதை 'வந்து சென்றார்கள்' என்று ஒருவர் மாற்றினார். பிழை திருத்துவதே தொழிலாகக் கொண்ட நான் சொல்கிறேன், அங்கே பிழையே இல்லை. அந்த வரியின் ஓசை, அதில் பேசுகிற அம்மாவின் வயது, அவர் வருகிறவர்கள் மேல் வைத்திருந்த வாஞ்சை எல்லாம் அந்த 'போனாவ'வில்தான் இருந்தது. இது ரசனை என்றால் ரசனை என்று எழுதி வையுங்கள். 'எங்களில் பலர் எழுத்துத்தமிழுக்குப் பழகியவர்கள், பேச்சு வழக்குக்கு எங்கள் காது மெதுவாகத்தான் பழகும்' என்று நேர்மையாக ஒரு பத்தி போட்டால்கூடப் போதும். வருகிறவர் தன் மொழி குறைந்தது என்று நினைத்துக்கொள்ள மாட்டார். மற்ற வழக்கங்களுக்குக் காரணம் சொன்னவர்கள் இதற்கு வாய் மூடியிருப்பது எனக்கு வருத்தம்.

இன்னொன்று, வழித்துணைக் காலம் முடிந்ததும் சட்டென்று கை விட்டுவிடுகிறார்கள். அதுவரை ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் பேசிய ஆள், அடுத்த கூட்டத்திலிருந்து எல்லாரையும் போல ஆகிவிடுகிறார். அவருக்கும் அடுத்த புதியவர் காத்திருப்பார், புரிகிறது. இருந்தாலும் நம் கவிதைக்கு முதன்முதலாகக் குறைவான கருத்து வரும் நாளில்தான் ஒருவரிடம் பேச வேண்டியிருக்கிறது. கவிதை மோசமா, எல்லாருக்கும் வேலை அதிகமா, இல்லை நாம் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமா? இந்த மூன்றில் எது என்று பிரித்துப் பார்க்கக் கையேடு சொல்லித் தரவில்லை. ஓராண்டு கழித்து ஒரு அழைப்பு என்று வைத்தாலும் நல்லது.

செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் எழுதி வாங்கிய கவிதையைப் பற்றி 'வைக்க வேண்டாம்' என்று ஒற்றை வரி இருக்கிறது. காரணம் இல்லாத ஒரே கட்டளை அதுதான். எழுதிய பின் எழுத்துப்பிழை பார்க்கப் பயன்படுத்தலாமா, ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் தேடலாமா என்று வருகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

சேருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: முதல் கவிதை வைக்க ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகலாம். பிறர் கவிதைகளை வாரா வாரம் படிக்க நேரம் வேண்டும். படிக்காமல் வந்து உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பேச வாய்ப்பு கடைசியில்தான் வரும், இதைக் கையேடும் மறைக்கவில்லை. உடனே கைதட்டல் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. எழுதுவது ஏன் எடுபடவில்லை என்று நெடுநாளாகத் தனியே மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களுக்கு, மரபு கற்க ஆசைப்பட்டுத் தொனிக்குப் பயந்து ஒதுங்கியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பேச்சு வழக்கு பற்றிய குறையை வழித்துணைத் தம்பியிடம் சொன்னேன். "அப்போ அந்தப் பத்தியை நீங்களே எழுதித் தாங்கக்கா, கூட்டத்தில் வச்சுப் பேசுவோம்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் கூட்டத்தில் அது சுற்றுக்கு வருகிறது, 'திருத்தத்துக்கு' என்ற குறிப்போடு.